வாகன ஸ்டிக்கர் எங்கே கெடுகிறது: திருகோணமலைத் தொழிலகங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வாகனத்தில் ஒட்டிய விளம்பரம் கெட்டுப்போனால் முதலில் அச்சுப்பொறியின் மீதே பழி விழுகிறது. உண்மையில் அச்சுப்பொறி, மை, வினைல் எனும் பசையிட்ட பிளாஸ்டிக் தாள், அதன் மேல் ஒட்டும் லெமினேஷன் எனும் காப்புப் படலம், வாகனத்தின் மேற்பரப்பு ஆகிய ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் ஸ்டிக்கர் நிலைக்கும். ஆகவே புதிய இயந்திரம் வாங்குவதைப் பற்றி யோசிப்பதற்கு முன், குறை எங்கே தோன்றியது, எப்போது தோன்றியது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அச்சிட்டு வெளிவரும்போதே தெரியும் குறை பெரும்பாலும் அச்சுப்பொறியையோ கோப்பையோ சேர்ந்தது. ஒட்டிய முதல் இரண்டு வாரங்களில் தெரிவது மை உலராமையாலோ மேற்பரப்பினாலோ வந்தது. மாதங்கள் கழித்துத் தெரிவது அநேகமாகப் பொருளின் தரத்தினால் வந்தது.

திருகோணமலையின் காலநிலையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று உலர்ந்து, பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. வாடை பிறந்து மழை தொடங்கியதும் எல்லாமே ஈரம் கோத்துக்கொள்ளும். கடற்கரை வீதிகளில் ஓடும் வாகனங்களில் உப்பு படிவது இரண்டு பருவத்திலும் நிற்பதில்லை. உற்பத்தியாளர்கள் "ஏழு ஆண்டு", "பத்து ஆண்டு" என்று குறிப்பது பெரும்பாலும் மிதமான காலநிலையில், நிமிர்ந்து நிற்கும் பரப்புக்கான கணக்கு. வெப்பவலய நாடுகளுக்கும், பொனட், கூரை போன்ற படுத்த பரப்புகளுக்கும் ஆயுள் கணிசமாகக் குறையும் என்பதை அவர்களுடைய தரவுத்தாள்களே தனியாகச் சொல்கின்றன. ரோலின் மேலுறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை வாடிக்கையாளரிடம் வாக்குறுதியாகக் கொடுத்துவிடக் கூடாது.

அறிகுறி: சில மாதங்களில் விளிம்பு உள்ளே சுருங்கி, கறுப்புக் கோடு தெரிகிறது

ஸ்டிக்கரின் ஓரம் ஓரிரு மில்லிமீற்றர் உள்வாங்கி, பழைய விளிம்பு இருந்த இடத்தில் பசையும் தூசியும் சேர்ந்து கறுத்த கோடாக நின்றால், வினைல் சுருங்கிவிட்டது என்று பொருள். அச்சுப்பொறிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வினைல் இரண்டு முறைகளில் செய்யப்படுகிறது. கலெண்டர் வினைலைச் சூடான உருளைகளுக்கு இடையே நசுக்கி, இழுத்து, தாளாக்குகிறார்கள். அப்படி இழுக்கப்பட்ட தாள் வெயில் பட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப முயலும். காஸ்ட் வினைலைத் திரவமாகத் தாளின் மேல் ஊற்றிச் சூட்டடுப்பில் உலர்த்துகிறார்கள். அதில் இழுவை அடங்கியிருப்பதில்லை என்பதால் சுருக்கம் மிகக் குறைவு. காஸ்ட் ஏறக்குறைய 50 மைக்ரோன் தடிப்பும், கலெண்டர் 70 முதல் 100 மைக்ரோன் வரையான தடிப்பும் கொண்டது. கையில் தடிப்பாக இருப்பதுதான் தரமான பொருள் என்ற எண்ணம் இங்கே முற்றிலும் தலைகீழானது.

கலெண்டரிலும் மொனோமெரிக், பொலிமெரிக் என்று இரண்டு வகை உண்டு. மொனோமெரிக் வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் சிறிய மூலக்கூறுகளாலானது. வெயிலில் அது விரைவாக வெளியேறிவிடுவதால் தாள் விறைத்து, சுருங்கி, ஈற்றில் பொரிந்துபோகிறது. பொலிமெரிக் வகையில் அந்த மூலக்கூறுகள் நீளமானவை என்பதால் கூடிய காலம் தங்கும். கோயில் திருவிழாவுக்கோ ஒரு மாதச் சலுகை விற்பனைக்கோ மொனோமெரிக் போதும். ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய லொறிப் பெட்டியின் தட்டையான பக்கத்துக்குப் பொலிமெரிக்கும், வளைவும் பள்ளமும் உள்ள வான் வண்டிக்குக் காஸ்டும் வேண்டும்.

பெயர்ச்சீட்டு இல்லாத ரோல் கைக்கு வந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு சாண் அளவுத் துண்டை அலுமினியத் தகட்டில் ஒட்டி, நடுவே கூரிய கத்தியால் கூட்டல் குறி போல இரண்டு வெட்டுகள் போட்டு, தகட்டைக் கூரைமேல் வெயிலில் வைக்க வேண்டும். சில நாள் கழித்துப் பார்க்கும்போது வெட்டு மயிரிழைக் கோடாகவே இருந்தால் நல்ல பொருள். வெட்டு வாய் பிளந்து, நடுவில் நான்கு முனைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இடையில் தகடு பளபளத்தால் அந்த ரோலை வாகனத்துக்கு எடுக்கக் கூடாது.

அறிகுறி: பள்ளங்களிலும் ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) தலைகளிலும் வினைல் தூக்கி நிற்கிறது

வானின் கதவுப் பள்ளத்தில் ஒட்டிய வினைல் மாலையில் சரியாக இருந்து, அடுத்த நாள் நடுப்பகலில் பாலம் போல எழும்பி நிற்பது மிகவும் வழமையான முறைப்பாடு. கலெண்டர் வினைலைச் சூடாக்கிப் பள்ளத்துக்குள் தள்ளியிருந்தால் வேறு விளக்கம் தேவையில்லை; பொருளை மாற்றாமல் இதற்கு மருந்தில்லை. காஸ்ட் வினைலாக இருந்தும் எழும்பினால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஒட்டியபின் கொடுக்கும் சூடு. இழுத்து ஒட்டிய ஒவ்வொரு பகுதியையும் ஹீட் கன் எனும் சூடுகாற்றுக் கருவியால் 90 பாகை செல்சியசுக்கு மேல் கொண்டுபோனால்தான் வினைல் பழைய வடிவத்தை மறந்து புதிய வடிவத்தில் நிலைக்கும். கையால் தொட்டுச் சூட்டை மதிப்பிடுவது போதாது. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று பெரிய விலையில்லை, அது இல்லாமல் வளைவு வேலை எடுப்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. இரண்டாவது, லெமினேஷன். காஸ்ட் வினைலின் மேல் கலெண்டர் லெமினேட்டை ஒட்டினால், மேலே உள்ளது சுருங்கும்போது கீழே உள்ளதையும் சேர்த்து இழுத்துவிடும். காஸ்டுக்குக் காஸ்ட், பொலிமெரிக்குக்குப் பொலிமெரிக் என்று ஒரே நிறுவனத்தின் பொருத்தமான சோடியையே வாங்குவது பாதுகாப்பு. 3எம், ஏவரி டெனிசன், ஓராஃபோல் ஆகிய நிறுவனங்கள் எந்த வினைலுக்கு எந்த லெமினேட் என்பதை அட்டவணையாகவே தருகின்றன. மூன்றாவது, ஒட்டிய நேரம். உச்சி வெயிலில் நின்ற வானின் தகடு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது பசை தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும். சூட்டில் இளகிய வினைலும் அளவுக்கு மீறி இழுபடும். வாகனத்தை முதல் நாள் மாலையே கொட்டகைக்குள் எடுத்து, காலையில் ஒட்டுவதே இந்த ஊருக்கு ஏற்ற ஒழுங்கு.

ரிவெட் தலைகளில் வினைலைத் தட்டையாக ஒட்டி, தலையைச் சுற்றி நிற்கும் காற்றை ஊசியால் விட்டு, சூடாக்கி, ரிவெட் பிரஷ்ஷால் வட்டமாக அழுத்த வேண்டும். விரலால் அழுத்துவது போதாது.

அறிகுறி: ஒட்டிய மறுநாளே ஓரங்கள் சுருளுகின்றன, வினைல் தொய்ந்து, மை மணக்கிறது

இது உலராத மையின் அடையாளம். சோல்வென்ட் மையிலும், அதன் மென்மையான வகையான ஈகோ சோல்வென்ட் மையிலும் உள்ள கரைப்பான் வினைலுக்குள் ஊறி, பின்னர் மெதுவாக ஆவியாகிறது. மேற்பரப்பு தொட்டால் காய்ந்தது போல இருக்கும். உள்ளே ஊறியது வெளியேறியிருக்காது. அந்த நிலையில் லெமினேட் பண்ணினால் கரைப்பான் சிறைப்பட்டு, பசையைத் தளர்த்தி, வினைலையும் மென்மையாக்கிவிடும்.

அச்சிட்ட ரோலை இறுக்கமாகச் சுற்றி வைக்காமல், தளர்த்தி நிமிர்த்தி வைத்தோ விரித்துத் தொங்கவிட்டோ, குறைந்தது 24 மணி நேரமும், கடும் நிறங்கள் நிறைந்த வேலைக்கு 48 மணி நேரமும் காற்றோட்டத்தில் விட வேண்டும். மழைக்காலத்தில் சாரலுக்குப் பயந்து யன்னல்களை அடைத்துவிடும் தொழிலகங்களில் இந்த நேரமும் போதாமல் போகும். விசிறியும் காற்று வெளியேற்றியும் அங்கே கட்டாயம். பணியாளரின் மூச்சுக்கும் இதுவே நல்லது, ஏனெனில் "ஈகோ" என்ற சொல் ஆவி இல்லை என்பதைக் குறிப்பதில்லை.

மணம் மீண்டும் மீண்டும் வந்தால் மையின் அளவைப் பார்க்க வேண்டும். சியான் (இளநீலம்), மெஜென்டா (ஊதாச் சிவப்பு), மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறங்களும் தலா நூறு சதவீதமாக முழு அளவில் விழுந்தால் 400 சதவீதம்; வாகன வினைல் பெரும்பாலும் 250 முதல் 300 சதவீதம் வரையே தாங்கும். கோப்பை அச்சுப்பொறிக்கு ஏற்ப மாற்றித் தரும் ரிப் மென்பொருளில் அந்த வினைலுக்குரிய புரோஃபைலை (மை, நிற அமைப்பை) தேர்ந்தெடுக்காமல், பதாகைக்கான பிளெக்ஸ் தாளுக்குரியதையே விட்டுவைப்பதுதான் இந்தத் தவறின் வழமையான வேர். கறுப்புப் பின்னணி வேண்டும் என்று நான்கு நிறங்களையும் குவிப்பதைவிட, கறுப்புக் காஸ்ட் வினைலையே வெட்டி ஒட்டுவது மலிவு, நீடிப்பும் கூட.

அறிகுறி: சில நாட்களில் குமிழிகள் எழுகின்றன

ஒட்டும்போதே இருக்கும் குமிழி காற்று. ஊசியால் குத்தி அழுத்தினால் போய்விடும். ஒட்டும்போது இல்லாமல், மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ புதிதாக எழும் குமிழி கீழிருந்து வரும் வாயு. டிங்கர் வேலை (தகட்டு நெளிவு எடுத்தல்) முடிந்து புதிதாகப் பெயின்ட் அடித்த வாகனத்தில் இது வர வாய்ப்பு மிக அதிகம். சூட்டறையில் உலர்த்தாமல் வெளியில் காயவிட்ட பெயின்ட்டுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் கொடுக்க வேண்டும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்துபோகும் குளிர்பெட்டி லொறிகள் போன்றவற்றில் பெட்டி ஃபைபர் கிளாஸாக இருப்பின், புதிய பெட்டியும் இதே போல வாயு விடும். சந்தேகம் இருந்தால் ஒரு சாண் வினைலை ஒட்டி, ஒரு நாள் வெயிலில் விட்டு, குமிழி எழுகிறதா என்று பார்த்த பின்பே வேலையைத் தொடங்கலாம்.

மீன் லொறிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. உப்பும் மீன் எண்ணெயும் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத படலமாக நிற்கும். பெற்றோல் துணியால் துடைப்பது அதன் மேல் இன்னொரு படலத்தையே விடுகிறது. முதலில் சவர்க்கார நீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, காயவிட்டு, பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, அது தானாக ஆவியாகும் முன்பே இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். கதவின் கீழ் விளிம்பு, பிணைச்சல் ஓரம், ரிவெட் வரிசை ஆகிய இடங்களில் உப்பு ஒளிந்திருக்கும். ஸ்டிக்கர் உரியத் தொடங்குவதும் அங்கிருந்துதான்.

அறிகுறி: அச்சில் குறுக்குக் கோடுகள் விழுகின்றன

முதலில் நொசில் (மை தெளிக்கும் நுண்துளை) சோதனை அச்சு எடுக்க வேண்டும். அதில் கோடுகள் விடுபட்டிருந்தால் நொசில்கள் உள்ள அச்சுத்தலையை, அதாவது ஹெட்டை, சுத்திகரிக்க வேண்டும். விடுபடாமல் இருந்தும் படத்தில் கோடு விழுந்தால், வினைல் முன்னே நகரும் அளவைத் திருத்த வேண்டும். வினைலின் தடிப்பும் எடையும் மாறும் ஒவ்வொரு முறையும் இந்தத் திருத்தம் தேவை. எழுத்துகளின் ஓரம் இரட்டிப்பாகத் தெரிந்தால், ஹெட் போகும்போதும் வரும்போதும் மை விழும் இடம் பொருந்தவில்லை.

பருவத்தையும் பார்க்க வேண்டும். கச்சான் நாட்களில் காற்றின் ஈரப்பதன் இறங்கும்போது நொசிலின் வாயிலேயே மை காய்ந்துவிடுகிறது, நிலைமின்னும் தூசியை இழுத்து வினைலில் ஒட்டுகிறது. மழைக்காலத்தில், ஒட்டும்போது உரித்தெறியும் வினைலின் பின்தாள் ஈரத்தை உறிஞ்சி அலை அலையாக எழும்பி, ஹெட்டில் உரசுகிறது. பின்தாளின் இரு பக்கமும் பொலித்தீன் பூச்சு உள்ள வினைல் இந்த ஈரத்துக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அறையின் ஈரப்பதனை 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்தால் இரண்டு சிக்கல்களும் பெருமளவு அடங்கும். ரோலை அச்சிடும் அறையிலேயே ஒரு நாள் முன்பே வைத்துப் பழக்குவதும் உதவும்.

அறிகுறி: வளைத்து ஒட்டும்போது மை வெடிக்கிறது, அல்லது புள்ளி புள்ளியாகத் தெரிகிறது

இங்கேதான் அச்சுப்பொறியின் தேர்வு உண்மையில் பிரச்சினையாகிறது. புற ஊதா ஒளியில் இறுகும் யூவி மை ஊறுவதில்லை. வினைலின் மேல் படலமாக இறுகுகிறது. தட்டையான பலகைக்கு அது அருமையானது, ஆனால் சாதாரண யூவி மையை வளைவில் இழுத்தால் வெடிக்கும். இழுபடக்கூடிய யூவி மைகள் இருந்தாலும், அவற்றுக்கென வாங்கிய இயந்திரமும் மையும் இல்லாமல் வாகன வளைவு வேலை எடுக்கக் கூடாது.

பிளெக்ஸ் பதாகைக்கான 3.2 மீற்றர் சோல்வென்ட் இயந்திரம் கையில் இருக்கிறதே என்று அதிலேயே வாகன ஸ்டிக்கரும் அடிப்பது வழக்கமாகிவிட்டது. வீதியின் மறுபக்கத்திலிருந்து பார்க்கும் பதாகைக்கு அதன் பெரிய மைத்துளிகள் போதும். கதவருகே நின்று படிக்கும் தொலைபேசி எண்ணுக்கும் சின்னத்துக்கும் போதாது. ஆட்கள் கை வைக்கும் தூரத்தில் படிக்கும் வேலைக்குச் சிறிய துளி விடும் ஈகோ சோல்வென்ட் அல்லது லேட்டெக்ஸ் வேண்டும்.

லேட்டெக்ஸ் மை நீரை அடிப்படையாகக் கொண்டது; சூட்டில் இறுகி வெளிவருவதால் அச்சிட்ட உடனேயே லெமினேட் பண்ணலாம். அவசர வேலை நிறைய எடுக்கும் தொழிலகத்துக்கு அது பெரிய வசதி. ஆனால் சூடாக்கிகள் மின்சாரத்தைக் கிலோவாட் கணக்கில் உண்ணும். அச்சின் நடுவே மின்சாரம் போனால் அந்தத் துண்டு வீண். ஈகோ சோல்வென்டில் ஒரு நாள் காத்திருக்க வேண்டும், மின்செலவு குறைவு. ரோலண்ட், மிமாக்கி நிறுவனங்களின் அச்சிட்டு வெட்டும் ஈகோ சோல்வென்ட் இயந்திரங்களில் ஓரமும் சேர்ந்து வெட்டப்படும் என்பதால் தனிக் கட்டர் வாங்கும் செலவும் மிச்சம். திருகோணமலையில் ஒரே அச்சுப்பொறியோடு தொழில் செய்பவருக்கு நான் சொல்வது ஈகோ சோல்வென்ட்தான். இரண்டாவது அச்சுப்பொறிக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், ரோல் லெமினேட்டர் ஒன்றை வாங்குவதே சரியான வரிசை. லெமினேட் இல்லாத வாகன அச்சை எந்த விலைக்கும் விற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: படம் நீலம் பாய்கிறது

வெயிலில் முதலில் தளர்வது மஞ்சளும் மெஜென்டாவும்; சியானும் கறுப்பும் நீடித்து நிற்கும். அதனால்தான் மங்கிய விளம்பரங்கள் எல்லாம் நீலச் சாயல் கொள்கின்றன. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் லெமினேட் இருக்கிறதா, அசல் மைக்குப் பதிலாகப் பெயரில்லாத மை நிரப்பப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பொனட்டில் பெரிய சிவப்புப் படம் கேட்கும் வாடிக்கையாளருக்கு, அச்சிட்ட சிவப்புக்குப் பதிலாக நிறமூட்டிய சிவப்புக் காஸ்ட் வினைலை வெட்டிக் கொடுக்கலாம்.

அறிகுறி: எழுத்தின் புள்ளி மட்டும் விழுந்துவிடுகிறது

வெட்டி ஒட்டிய தமிழ் எழுத்துகளில் முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. "மூதூர்", "கிண்ணியா" என்று 40 மில்லிமீற்றர் உயரத்தில் வெட்டினால் புள்ளியின் விட்டம் நான்கைந்து மில்லிமீற்றர்தான் வரும். அவ்வளவு சிறிய வட்டத்தில் பசை பிடிக்கும் பரப்பும் சிறியது. சேர்விஸ் ஸ்டேஷனில் அழுத்த நீர் படும்போது அதன் விளிம்பு எழும்பி, அடுத்த முறை காணாமல் போய்விடும். எழுத்துருவில் இருப்பதை அப்படியே விடாமல் புள்ளியை மட்டும் பெருப்பித்து, 8 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வைக்க வேண்டும். அதற்கும் இடமில்லாத சிறிய எழுத்துகளை வெட்டவே கூடாது. பின்னணியோடு சேர்த்து அச்சிட்டு ஒரே துண்டாக ஒட்ட வேண்டும். கழுவும் குழாயை ஒரு அடிக்குக் கிட்டக் கொண்டுவராமல், விளிம்பைச் சாய்த்து அடிக்காமல், நேராகப் பிடிக்கும்படி சாரதிக்கும் சொல்லிவிட வேண்டும்.

கோப்பில் எழுத்தே குழம்பினால் காரணம் வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உரோமன் எழுத்துகளாகத் திறக்கும். யூனிகோட் எழுத்துருவில் கொம்பு இடம் மாறினால், வடிவமைப்பு மென்பொருளின் பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்க வேண்டும். சரியாக வாசித்து ஒப்புதல் பெற்ற பின்பே எழுத்துகளைக் கோட்டுருவமாக (எழுத்துருவைச் சாராத வடிவமாக) மாற்ற வேண்டும். மூன்று மொழிகளும் வரும் பலகைகளில் ஒவ்வொன்றையும் அம்மொழி தெரிந்தவரே வாசிக்க வேண்டும்.

அறிகுறி: பஸ்ஸின் பின்கண்ணாடி மழையில் உள்ளிருந்து மறைக்கிறது

உள்ளிருந்து வெளியே பார்க்கக்கூடியதாகப் பின்கண்ணாடியில் ஒட்டும் துளையிட்ட வினைலின் துளைகளில் நீர் நிரம்பியிருக்கிறது. தெளிந்த காஸ்ட் லெமினேட் போட்டு, லெமினேட்டின் ஓரம் வினைலைத் தாண்டிக் கண்ணாடியில் பிடிக்கும்படி வெட்ட வேண்டும். சாதாரண லெமினேட் போட்டால் பார்வை புகைமூட்டமாகிவிடும்.

அறிகுறி: சில பரப்புகளில் எதுவும் ஒட்டவில்லை

ஓட்டோவின் ரெக்சின் கூரையில் எந்த வினைலும் நிலைக்காது. ரெக்சினிலிருந்து கசியும் மென்மையாக்கி பசையைக் களியாக்கிவிடும். அங்கே பெயின்ட்டோ திரை அச்சோ தான் வழி. வர்ணம் பூசாத கறுப்புப் பம்பர்கள் பொலிபுரொப்பிலீனால் ஆனவை. அவற்றுக்கு மிகு ஒட்டுத்திறன் கொண்ட பசையுள்ள வினைல் வேண்டும், அல்லது அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு ஓடும் வாடகை வான்காரர்கள் கழற்றி மாட்டக்கூடிய காந்தத் தகடு கேட்பார்கள். அது இரும்புத் தகட்டில் மட்டுமே பிடிக்கும். ஃபைபரிலும் அலுமினியத்திலும் பிடிக்காது. அடிக்கடி கழற்றித் துடைக்காவிட்டால் பின்னால் தேங்கும் உப்பு நீர் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதையும் விற்கும்போதே சொல்ல வேண்டும்.

அறிகுறி: பழைய ஸ்டிக்கர் துகள் துகளாகப் பிய்கிறது

பொரிந்துபோன மொனோமெரிக் வினைல் முழுத்துண்டாக வராது. ஹீட் கன்னால் 50, 60 பாகை செல்சியஸ் வரை மெதுவாகச் சூடாக்கி, சிறு சிறு பகுதியாக, மேற்பரப்போடு ஒட்டினாற்போலத் தாழ்ந்த கோணத்தில் இழுக்க வேண்டும். எஞ்சும் பசையைப் பசைநீக்கித் திரவத்தில் ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்கலாம். உலோகக் கத்தி வேண்டாம். மீண்டும் பெயின்ட் அடித்த பகுதிகளில் ஸ்டிக்கரோடு பெயின்ட்டும் சேர்ந்து வர வாய்ப்புண்டு. ஆகவே உரிக்கத் தொடங்குவதற்கு முன்பே வாகனத்தின் படங்களை எடுத்து, எந்தப் பகுதி பின்னர் பூசப்பட்டது என்று உரிமையாளரிடம் கேட்டு எழுதி, கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும்.